போர்ட் ஹார்கோர்ட்: எண்ணெய் கடந்து போகும் ஊர்

2025 மார்ச் 17 இரவு, நைஜீரியாவின் தென்கோடியில் உள்ள ரிவர்ஸ் மாநிலத்தில், போடோ என்னும் ஊரை ஒட்டி டிரான்ஸ்-நைஜர் எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. மறுநாள் மாலை அதிபர் போலா டினுபு தொலைக்காட்சியில் தோன்றி, அந்த மாநிலத்தில் நெருக்கடி நிலையை அறிவித்தார். ஆளுநர், துணை ஆளுநர், சட்டமன்ற உறுப்பினர்கள் என மக்கள் தேர்ந்தெடுத்த அனைவரும் ஆறு மாதங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் நிர்வாகியாக அமர்த்தப்பட்டார். நைஜீரியாவில் ஆளுநர் என்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத் தலைவர். இந்தியாவில் முதலமைச்சரிடம் இருக்கும் அதிகாரம் அங்கே அவரிடம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இந்த அறிவிப்பின் கனம் புரியும்.

ஒரு குழாய் வெடித்ததற்கும் ஓர் அரசே முடக்கப்பட்டதற்கும் என்ன தொடர்பு என்று செய்தியைப் படித்த பலர் குழம்பினர். விடை அந்த மாநிலத்தின் தலைநகரான போர்ட் ஹார்கோர்ட்டின் வரலாற்றில் இருக்கிறது. பிறர் எடுத்துச் செல்லும் சரக்கு கடந்து போவதற்காகவே உருவாக்கப்பட்ட ஊர் அது. அந்தச் சரக்கு யாருடையது, அதன் காசு எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்ற இரண்டு கேள்விகளும் அதன் நூறாண்டு வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்திருக்கின்றன.

சதுப்பு முடிந்து நிலம் தொடங்கும் இடம்

நைஜர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகம், உலகின் மிகப் பெரிய அலையாத்திக் காட்டுப் பரப்புகளில் ஒன்று. கடலிலிருந்து போனி ஆற்றின் வழியே உள்ளே வரும் கப்பலுக்கு இரு கரையிலும் சேறும் வேர்களுமே தென்படும். ஏறத்தாழ 66 கிலோமீட்டர் உள்ளே வந்த பிறகுதான், ஆழமான நீரும் உறுதியான மேட்டு நிலமும் அடுத்தடுத்து அமைந்த ஓர் இடம் கிடைக்கிறது. இக்வெரே மக்களின் விளைநிலங்களும் ஒக்ரிகா மக்களின் மீன்பிடித் துறைகளும் சந்தித்த இடம் அது.

1909இல் வடக்கே உடி மலைப்பகுதியில் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கடலுக்குக் கொண்டுவர ரயில் பாதையும், பாதை முடியும் இடத்தில் துறைமுகமும் பிரிட்டிஷ் ஆட்சிக்குத் தேவைப்பட்டன. பிரடெரிக் லுகார்டின் நிர்வாகம் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1913இல் குடியேற்றத் துறை அமைச்சராக இருந்த லூயிஸ் ஹார்கோர்ட்டின் பெயரை அதற்குச் சூட்டியது. அந்த நிலக்கரிப் பகுதியில் உள்ள எனுகு வரையிலான 243 கிலோமீட்டர் ரயில் பாதை 1916இல் முடிந்தது. நகரத்துக்காக நிலத்தை எடுத்துக்கொண்ட 1913 ஒப்பந்தத்தை டியோபு மக்கள் மனமார ஏற்கவே இல்லை. பல பத்தாண்டுகள் அதை எதிர்த்து வழக்காடினர். ஊரின் முதல் பெரிய தகராறே நிலத்தின் உடைமை பற்றியது என்பது கவனிக்க வேண்டியது.

நகரின் அமைப்பிலும் அந்தத் தொடக்கம் பதிந்திருக்கிறது. ஐரோப்பியர் குடியிருப்பு மரங்கள் அடர்ந்த அகன்ற தெருக்களோடு தனியாக அமைந்தது. 'தோட்ட நகரம்' என்ற பட்டம் அங்கிருந்துதான் வந்தது. ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்கு நெருக்கமான மனைகள் வேறாக ஒதுக்கப்பட்டன. உள்நாட்டிலிருந்து திரளாக வந்த இக்போ மக்கள் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் வணிகத்திலும் ஊன்றினர். அவர்கள் நாவில் ஊரின் பெயர் 'பிட்டாக்வா' ஆயிற்று. நகரம் விரிந்தபோது அது விழுங்கிய இக்வெரே ஊர்களின் பெயர்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. ருமுவோலா, ருமுவோகோரோ, ருமுயிக்போ என்று 'ருமு' என்னும் முன்னொட்டோடு வரும் பேருந்து நிறுத்தங்கள் எல்லாம் ஒரு காலத்தில் தனித்தனிக் குலக் கிராமங்கள். இன்ன முன்னோரின் மக்கள் என்பதே அந்த முன்னொட்டின் பொருள்.

கரியிலிருந்து எண்ணெய்க்கு

1956 ஜனவரியில், போர்ட் ஹார்கோர்ட்டுக்கு மேற்கே உள்ள ஒலோய்பிரி என்ற சிற்றூரில் ஷெல் நிறுவனம் வணிக அளவில் எண்ணெய் கண்டது. தொடக்கத்தில் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 5,100 பீப்பாய்தான். 1958இல் நைஜீரியாவின் முதல் கச்சா எண்ணெய்ச் சரக்கு போர்ட் ஹார்கோர்ட் வழியாகவே கப்பலேறியது. கரிக்காகக் கட்டப்பட்ட துறை, பெரிய மாற்றம் ஏதுமின்றி எண்ணெய்க்கு மாறிக்கொண்டது.

ஆனால் ஆறு பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்குப் போதுமான ஆழம் உடையதாக இல்லை. ஆகவே 1961இல் கடலை ஒட்டிய போனித் தீவில் ஏற்றுமதி முனையம் அமைந்தது. அன்று முதல் எண்ணெய் நகரத்துக்குள் வருவதில்லை. கிணறுகளிலிருந்து குழாய் வழியாகச் சுற்றுப்புறக் கிராமங்களைக் கடந்து நேரே முனையத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஏற்றுமதியாகும் வகைக்கு 'போனி லைட்' என்று பெயர். கந்தகம் மிகக் குறைவு, அடர்த்தியும் குறைவு. அதிலிருந்து பெட்ரோலும் டீசலும் அதிக அளவில் பிரித்தெடுக்கலாம் என்பதால் உலகச் சந்தையில் அதற்கு நல்ல மதிப்பு. நைஜீரியக் கச்சா எண்ணெயை வாங்கும் நாடுகளில் இந்தியாவும் முக்கியமானது.

நகரத்துக்கு மிஞ்சியவை அலுவலகங்களும் பட்டறைகளும் கிடங்குகளும். டிரான்ஸ்-அமாடி தொழிற்பேட்டை, எலெமே பகுதியில் 1965இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, 1989இல் அதையடுத்து எழுந்த இரண்டாவது ஆலை, ஒன்னே துறைமுகம், போனியிலிருந்து 1999இல் ஏற்றுமதியைத் தொடங்கிய திரவ எரிவாயு ஆலை என இந்த வரிசை நீளும். 1963இல் சுமார் 1,80,000 பேர் வாழ்ந்த நகரம், 2006 கணக்கெடுப்பில் அருகமைந்த ஒபியோ-அக்போரையும் சேர்த்து ஏறத்தாழ 10 லட்சத்தைத் தொட்டது. அதன் பிறகு நைஜீரியாவில் கணக்கெடுப்பே நடக்கவில்லை, ஐ.நா. மதிப்பீடுகள் இன்றைய எண்ணிக்கையை 30 லட்சத்துக்கும் மேல் வைக்கின்றன.

போர் மாற்றிய உடைமை

1967 மே 27இல் மைய ராணுவ அரசு ரிவர்ஸ் மாநிலத்தைப் புதிதாகப் பிரித்தது. மூன்று நாள் கழித்து கிழக்கு மண்டலம் பயாஃப்ரா என்ற தனிநாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. எண்ணெயும் துறைமுகமும் இருந்த போர்ட் ஹார்கோர்ட் இரு தரப்புக்கும் உயிர்நாடி. 1968 மேயில் நகரம் மையப் படைகளின் கைக்கு வந்தபோது இக்போ மக்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓடியிருந்தனர்.

1970 ஜனவரியில் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, அவர்களுடைய வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' என்று வகைப்படுத்தப்பட்டு மாநில அரசின் பொறுப்பில் இருந்தன. பல வீடுகள் பிறகு வேறு கைகளுக்குப் போயின. லாகோஸ் போன்ற இடங்களில் தம் வீடுகளைத் திரும்பப் பெற்ற இக்போ குடும்பங்களால் தாங்களே கட்டியெழுப்பிய இந்த நகரத்தில் அதைச் செய்ய முடியவில்லை. மறுபக்கத்தில், தங்கள் மண்ணிலேயே சிறுபான்மையாக ஒதுக்கப்பட்டோம் என்று கருதிய இக்வெரே, இஜா மக்களுக்கு அந்த மாநிலப் பிரிவினை விடுதலையாகத் தோன்றியது. இரண்டு உணர்வுகளுக்கும் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. வீட்டை இழந்தவருக்கு அந்த நியாயத்தைச் செய்யாமல் விட்டது மட்டும் எந்த வகையிலும் ஏற்கத் தக்கதன்று.

பூமிக்கு அடியில் இருப்பது யாருடையது

செய்திகளில் அடிக்கடி வரும் '13 சதவீதம்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள, பணம் போகும் வழியைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

1. விடுதலை பெற்ற 1960இல், கனிம வருவாயில் பாதி அது கிடைத்த மண்டலத்துக்கே சேரும் என்று அரசமைப்பு வகுத்திருந்தது. எண்ணெய் அப்போது பெரிய வருவாய் அல்ல. நிலக்கடலை, கொக்கோ, பனை எண்ணெய் ஆகியவையே நாட்டைத் தாங்கின.

2. போரின் நடுவே, 1969இல் வந்த பெட்ரோலியச் சட்டம் நாட்டில் உள்ள எண்ணெய் முழுவதையும் மைய அரசின் உடைமையாக்கியது. 1978இன் நிலப் பயன்பாட்டுச் சட்டம் நிலத்தின் மீதான அதிகாரத்தையும் ஆளுநர்களிடம் ஒப்படைத்தது. தன் தோட்டத்தின் வழியே குழாய் பதிக்கும்போது நகரின் கிழக்கே வாழும் ஒகோனி இனத்து விவசாயி ஒருவர் பெறுவது பயிருக்கும் மரத்துக்கும் கட்டுமானத்துக்குமான இழப்பீடு. கீழே ஓடும் எண்ணெயில் அவருக்குப் பங்கு கிடையாது.

3. எண்ணெய் வருவாய் பெருகப் பெருக, எண்ணெய் கிடைக்கும் மாநிலங்களின் பங்கு குறைந்துகொண்டே வந்தது, 1980களில் 1.5 சதவீதம் வரை இறங்கியது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1999 அரசமைப்பு குறைந்தது 13 சதவீதம் என்று நிலைநிறுத்தியது. கிடைத்த இடத்துக்கே திரும்பும் பங்கு என்ற பொருளில் இதை மூலப்பங்கு என்று சொல்லலாம்.

4. இந்தப் பங்கு நாட்டின் தலைநகர் அபுஜாவில் உள்ள பொதுக் கணக்கிலிருந்து மாதந்தோறும் மாநில அரசுக்கு வருகிறது. எண்ணெய்க் கிணறு உள்ள கிராமத்துக்கோ, குழாய் கடக்கும் ஊராட்சிக்கோ நேராகப் போவதில்லை. உள்ளாட்சிகளுக்கு உரிய தனி நிதிகூட மாநிலத்தோடு கூட்டுக் கணக்கில் சேர்ந்தே வந்தது. அது நேராகவே போக வேண்டும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில்தான் தீர்ப்பளித்தது.

இதன் விளைவு எளிது. மாநிலத்தில் செல்வத்தை உருவாக்கும் வழிகள் பல இருக்கலாம். பகிர்ந்தளிக்கும் கை ஒன்றுதான், அது ஆளுநரின் கை. அந்த நாற்காலிக்கு நடக்கும் போட்டியும் அதற்கேற்ப மூர்க்கமாக இருக்கிறது.

சேற்றைக் குவித்து எழுந்த தெருக்கள்

எண்ணெய் நிறுவனங்களின் ஊழியர் குடியிருப்புகள் மதிலுக்குள் தனி மின்சாரம், தனிக் குடிநீரோடு இயங்குகின்றன. நிறுவனங்கள் வாடகை கொடுக்கும் நகரத்தில் வீட்டு வாடகை சாதாரணக் கூலிக்காரருக்கு எட்டாது. அவர்கள் ஆற்றோரம் போனார்கள். நகரின் ஓரம் முழுவதும் அலைக்கழியை ஒட்டி ஏறத்தாழ ஐம்பது நீர்முனைக் குடியிருப்புகள் உள்ளன.

அந்த நிலம் கையால் செய்யப்பட்டது. அலையாத்தி வேர்கள் பின்னிய, நார் நிறைந்த கருஞ்சேற்றை அங்கே சிக்கோக்கோ என்கிறார்கள். நீர் வற்றும் நேரத்தில் அதைக் கட்டி கட்டியாக வெட்டி, படகில் ஏற்றிவந்து, கரையோரம் அடுக்கடுக்காகக் குவிப்பார்கள். அது காய்ந்து இறுகிய பின் மேலே மரச்சட்டம் நட்டுத் தகரம் வேய்ந்து குடியேறுவார்கள். காலப்போக்கில் சிமெண்ட் சுவரும் எழும். ஒரு மனை அகலத்துக்கு நிலம் சேர்க்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். வரைபடத்தில் நீராக இருந்த இடத்தில் தெருவும் தேவாலயமும் மீன் சந்தையும் இப்படித்தான் வந்தன.

அரசின் கண்ணில் இவை சட்டத்துக்குப் புறம்பானவை, குற்றவாளிகள் பதுங்கும் இடங்கள். 2009 ஆகஸ்டில் ஞெமான்சே குடியிருப்பு இடிக்கப்பட்டபோது பல்லாயிரம் பேர் ஒரே நாளில் தெருவுக்கு வந்தனர். 2012இல் அபொன்னேமா வார்ஃப் பகுதிக்கும் அதே கதி. எல்லா நீர்முனைகளையும் அகற்றும் திட்டம் முழுமையாக நடந்தால் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழப்பர் என்று ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2010இல் எச்சரித்தது. சேற்றை நிலமாக்கிய உழைப்புக்கு எந்தப் பட்டாவும் இல்லை. கணக்கில் வந்ததெல்லாம் கட்டடத்துக்கு அரசு போட்ட விலைதான், அதுவும் உரிமையாளருக்கு மட்டும். வாடகைக்கு இருந்தவர்களுக்கு எதுவும் இல்லை.

இவ்வளவுக்கும் இடையில் ஊர் வாழ்கிறது. மாலையில் சாலையோரக் கம்பிவலை அடுப்புகளில் வாழைக்காயும் மீனும் கரி நெருப்பில் சுடப்படும் மணம் போர்ட் ஹார்கோர்ட்டின் அடையாளம். 'போலே' என்று பெயர். காய் வெளியே கருகி உள்ளே மெத்தென்று ஆனதும், பனை எண்ணெயில் மிளகாயும் வெங்காயமும் சேர்த்த குழம்பை மேலே ஊற்றித் தருவார்கள். இக்வெரே, இஜா, இக்போ, ஒகோனி, எஃபிக் என்று பல மொழியினரும் அந்த அடுப்பின் முன் பேரம் பேசுவது ஆங்கிலத்தை ஒட்டிப் பிறந்த பொதுப் பேச்சுமொழியான பிட்ஜினில்தான். யுனெஸ்கோ இந்த நகரத்தை 2014ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்தது. சகாராவுக்குத் தெற்கே அந்தப் பெருமை பெற்ற முதல் நகரம் இதுவே.

ஒகோனி: நகரின் கிழக்கு வாசலில்

நகரத்தின் கிழக்குப் புறத்தை ஒட்டியது ஒகோனி நிலம். 1958 முதல் அங்கே எண்ணெய் எடுக்கப்பட்டது. 1990இல் ஒகோனி மக்கள் தங்கள் உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டனர். 1993 ஜனவரி 4 அன்று ஏறத்தாழ 3 லட்சம் பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். அந்த ஆண்டே ஷெல் அங்கு எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. இயக்கத்தை வழிநடத்திய எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் அவரோடு எட்டுப் பேரும் ராணுவ ஆட்சியின் சிறப்புத் தீர்ப்பாயத்தால் தண்டிக்கப்பட்டு, 1995 நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். 2025 ஜூனில் அதிபர் அவர்களுக்கு மன்னிப்பு அறிவித்தார். குற்றமே செய்யாதவர்களுக்கு எதற்கு மன்னிப்பு, தீர்ப்பை அல்லவா நீக்க வேண்டும் என்று உரிமை அமைப்புகள் கேட்டது சரியான கேள்வி.

எண்ணெய் எடுப்பது நின்றாலும் குழாய்கள் நிற்கவில்லை. மற்ற இடத்து எண்ணெய் ஒகோனி வழியாகவே போனிக்குப் போகிறது. தொடக்கத்தில் சொன்ன டிரான்ஸ்-நைஜர் குழாய் அதுதான். 2008இல் போடோவில் அதே குழாயிலிருந்து இருமுறை எண்ணெய் கசிந்து கழியையும் அலையாத்திகளையும் மூடியது. 2015இல் ஷெல் 5.5 கோடி பவுண்டு இழப்பீட்டுக்கு உடன்பட்டது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட ஆய்வு, நிசிசியோகென் ஒகாலே என்ற ஊரின் குடிநீர்க் கிணறுகளில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன், உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவைவிட 900 மடங்குக்கும் மேல் இருப்பதைக் கண்டறிந்தது. ஒகோனியை முழுமையாக மீட்க 25 முதல் 30 ஆண்டுகள் ஆகலாம் என்றும் அது சொன்னது. களத்தில் துப்புரவுப் பணி தொடங்கவே 2019 ஆகிவிட்டது.

வானிலிருந்து விழும் கரி

2016இன் கடைசி மாதங்களில் நகரவாசிகள் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினர். காலையில் வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கறுத்தது. கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டையில் மை தெறித்தது போன்ற பொட்டுகள். மூக்கைத் துடைத்த துணியிலும் அதே கறுப்பு. நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடிய நுண்புகைக்கரி அது. வறண்ட மாதங்களில் மிகுந்தும் மழையில் தணிந்தும் இன்றுவரை அது நகரத்தை விட்டு முழுதாகப் போகவில்லை.

முக்கியக் காரணம், கழிகளின் உள்ளே நடக்கும் திருட்டுச் சுத்திகரிப்பு. குழாயில் துளையிட்டு எண்ணெய் எடுப்பதை அங்கே 'பங்கரிங்' என்றும், அதைக் காய்ச்சும் தொழிலை 'க்போ-ஃபயர்' என்றும் சொல்கிறார்கள். செயல்முறை இது:

1. திருடிய கச்சா எண்ணெயை இரும்புத் தொட்டியில் நிரப்பி மூடி, கீழே திறந்த குழியில் நெருப்பு மூட்டுவார்கள். எரிபொருளும் கச்சா எண்ணெய்தான். கரும்புகையின் பெரும்பகுதி இங்கேயே பிறக்கிறது.

2. எழும் ஆவி, நீர்த்தொட்டி வழியே செல்லும் குழாயில் குளிர்ந்து சொட்டும். முதலில் பெட்ரோல் வகை, அடுத்து மண்ணெண்ணெய், கடைசியில் டீசல். சாராயம் காய்ச்சும் அதே முறை. வெப்பத்தை அளக்கக் கருவி இல்லாததால் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். சமையலறை மண்ணெண்ணெயில் பெட்ரோல் கலந்தால் அடுப்பே வெடிக்கும்.

3. அடியில் தங்கும் தார் போன்ற கசடு கழியில் கொட்டப்படும். அங்கே மீனோ சிப்பியோ பிழைக்காது.

4. காவல் படைகள் கண்டுபிடித்தால், நெடுங்காலம் கைக்கொண்ட முறை தொட்டிகளையும் எண்ணெயையும் அங்கேயே கொளுத்துவது. ஒழிக்க வந்த நடவடிக்கையே அதே கரியை வானுக்கு அனுப்பியது.

2022 ஏப்ரலில் ரிவர்ஸ்-இமோ எல்லையில் இத்தகைய இடம் ஒன்று வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வளவு ஆபத்து தெரிந்தும் இளைஞர்கள் ஏன் போகிறார்கள் என்றால், மீன் போன கழியில் கைக்காசு தரும் தொழில் வேறொன்றும் மிச்சமில்லை. 2006 முதல் ஆயுதக் குழுக்கள் வெளிநாட்டு ஊழியர்களைக் கடத்தத் தொடங்கியபோது நிறுவனங்கள் பல தம் ஆட்களை லாகோஸுக்கு மாற்றின. 2009இல் பொதுமன்னிப்பு வந்து துப்பாக்கிகள் ஓரளவு ஓய்ந்தன. ஆனால் போன வேலைகளில் பெரும்பாலானவை திரும்பவில்லை.

மறுபடியும் 2025 மார்ச்

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வரலாம். 2015 முதல் 2023 வரை ஆளுநராக இருந்த நியெசோம் விகே, தம் ஆதரவோடு சிமினாலாயி ஃபுபாராவைப் பதவிக்குக் கொண்டுவந்துவிட்டு மைய அமைச்சரானார். சில மாதங்களிலேயே இருவரும் பிரிந்தனர். சட்டமன்ற உறுப்பினர்களில் 27 பேர் விகேயின் பக்கம் நின்றனர். 2023 அக்டோபரில் சட்டமன்றக் கட்டடம் தீக்கிரையாகி, டிசம்பரில் இடிக்கப்பட்டது. எஞ்சிய சிலரைக் கொண்டே ஆளுநர் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றினார். அது செல்லாது என்று 2025 பிப்ரவரி 28இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முறையான சட்டமன்றம் நிதித் திட்டத்தை நிறைவேற்றும்வரை மாநிலத்துக்கு மையத்திலிருந்து பணம் போகக் கூடாது என்றது. ஒரு மாநிலத்தை அசையவிடாமல் நிறுத்த அபுஜாவின் மாதத் தவணையை நிறுத்தினாலே போதும் என்பது அன்று கண்கூடானது.

இந்த நிலையில்தான் குழாய் வெடித்தது. டிரான்ஸ்-நைஜர் குழாய் நாளொன்றுக்கு 4,50,000 பீப்பாய் வரை கொண்டுசெல்லக் கூடியது. நாட்டின் மொத்த உற்பத்தி 15 லட்சத்தை ஒட்டியே இருந்த காலம் அது. ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் இடையிலான சண்டையை ஒன்றரை ஆண்டு பார்த்துக்கொண்டிருந்த மைய அரசு, எண்ணெய் ஓடும் வழி ஆபத்தில் சிக்கிய மறுநாளே செயல்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரை இடைநீக்கம் செய்ய அதிபருக்கு அரசமைப்பில் அதிகாரம் உண்டா என்று வழக்கறிஞர் சங்கம் கடுமையாகக் கேள்வி எழுப்பியது. செப்டம்பரில் நெருக்கடி நிலை விலக்கப்பட்டு ஆளுநரும் சட்டமன்றமும் மீண்டும் பொறுப்பேற்றனர்.

இதே 2025 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. நிலப்பகுதியில் எண்ணெய் எடுக்கும் தன் நைஜீரியத் துணை நிறுவனத்தை ரெனெய்சான்ஸ் என்ற கூட்டமைப்புக்கு விற்கும் பேரத்தை ஷெல் முடித்துக்கொண்டது. கிணறுகளும் குழாய்களும் கைமாறின. பழைய கசிவுகளைத் துடைக்கும் கடன் எவ்வளவு தூரம் யாரைப் பின்தொடரும் என்பதை இனி நீதிமன்றங்களே சொல்ல வேண்டும்.

எலெமே சுத்திகரிப்பு ஆலைகள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 2,10,000 பீப்பாய் திறன் உடையவை. ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த பிறகு, பெரும் செலவில் புதுப்பிக்கப்பட்ட பழைய ஆலை 2024 நவம்பரில் இயங்கத் தொடங்கியது. 2025 மேயில் பராமரிப்புக்காக என்று மறுபடியும் மூடப்பட்டது. அதன் வாயிலிலிருந்து சில மைல் தொலைவில், ஒகாலேயின் கிணற்றடியில், 'இந்த நீரைக் குடிக்காதீர்' என்ற எச்சரிக்கைப் பலகை நிற்கிறது.